ஆறு சிலிண்டர்களும் சேசுராஜின் பெயரும்

ஆறு உயிர்காப்புச் சட்டைகளிலிருந்து வாயு சிலிண்டர்களைக் கழற்றி என் மேசை இழுப்பறைக்குள் பூட்டி வைத்தவன் நான். கழற்றிய பிறகு, ஆறும் நல்ல நிலையில் உள்ளன என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான். அவற்றில் ஒன்றை நம்பித் தண்ணீருக்குப் போன படகோட்டி சேசுராஜ் சாகக் கிடந்து பிழைத்தார். பிழைத்து வந்தவர்மேல் திருட்டுப் பழி விழுந்தபோது நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நம் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்குப் படகுப் பாதுகாப்பு அனுபவம் பற்றி எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்டார். கொஞ்சம் நகைச்சுவையும் இருக்கட்டும் என்றார். நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. இந்தக் கதையில் மிக மோசமான காரியத்தைச் செய்ததே ஒரு நகைச்சுவைதான்.

நான் சின்னமனூர்க்காரன். பெயர் தங்கவேல். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தேன். படித்த சரித்திரம் எதற்கும் உதவாமல், மலைமேல் ஒரு நீர்த்தேக்கத்து அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பரானேன். எந்த நீர்த்தேக்கம் என்று இங்கே எழுதவில்லை. தவறு தண்ணீருடையது அல்ல. முதல் இருபது வருடம் கயிறு, ஆணி, பெயின்ட் டப்பா, மண்வெட்டிக் காம்பு இவற்றை எண்ணினேன். எண்ணியதை எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் அதை மறுபடி எண்ணினார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

பிறகு உதவிப் பொறியாளராக ஞானசேகரன் சார் வந்தார். கும்பகோணத்துப் பக்கம். ஒல்லியான மனிதர். யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரையும் 'ஐயா' என்றுதான் அழைப்பார். அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் 'நல்லது' என்ற சொல். வேலை சரியாக இருந்தால் 'நல்லது' என்பார். சரியில்லாவிட்டாலும் 'நல்லது' என்பார். ஆனால் பொருளைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, திரும்ப நம் கையில் வைத்துவிட்டு அதைச் சொல்வார். அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. ஏச்சு வாங்கியிருந்தால்கூட இறங்கியிருக்கும்.

அவர் வந்த வருடம்தான் பழைய தக்கைச் சட்டைகள் போய் காற்றடைக்கும் சட்டைகள் ஆறு வந்தன. பார்க்க இரண்டு பட்டை தொங்கும் துண்டு மாதிரி இருக்கும். உள்ளே மடித்துவைத்த பை ஒன்று. பையின் ஓரத்தில் ஒரு கையளவுக்குள் அடங்கும் வாயு சிலிண்டர். அதற்கு எதிரே ஓர் ஊசி, அந்த ஊசியைப் பிடித்து நிறுத்தும் சின்ன மாத்திரை. மாத்திரை தண்ணீரில் கரைந்தால் ஊசி விடுபட்டு சிலிண்டரைக் குத்தும். பை உப்பும். மாத்திரை சதி செய்தால் இழுக்க ஒரு கயிறு. கயிறும் சதி செய்தால் வாயால் ஊத ஒரு குழாய். எங்கள் ஆட்கள் அதற்கு 'காத்துச் சட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஞானசேகரன் சார் முதல் நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டே அலுவலகத்தில் கோப்பு பார்த்தார். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு வரிசையாகச் சொன்னார். மாதம் ஒருமுறை ஆறு சட்டைகளையும் வாயால் ஊதி ஒரு நாள் முழுக்க விட்டுவைக்க வேண்டும். மறுநாள் தொட்டுப் பார்த்தால் அதே விறைப்பு இருக்க வேண்டும். ஊதிய சட்டையில் கயிற்றை இழுக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் காற்றோடு வாயுவும் சேர்ந்தால் பை கிழியும். சிலிண்டரை எடை போட்டு, அதன்மேல் குத்தியிருக்கும் எடையோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் தூக்கிப் போட வேண்டும். மாத்திரையின் தேதி பார்க்க வேண்டும். மழைக்கோட்டை இதற்குமேல் போடக் கூடாது. பை உப்பும்போது நெஞ்சு நசுங்கும். மாத வேலைக்குக் கையெழுத்து என்னுடையது. அது தவிர, படகில் ஏறுமுன் போடுகிறவர் சட்டையின் மூடியைத் திறந்து, சிலிண்டரைக் கையால் திருகி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

எடை போடுவதில் ஒரு சிக்கல். கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு எங்களிடம் இல்லை. போடியில் எனக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் கடையில் இருந்தது. மாதம் ஒருநாள் ஆறு சிலிண்டர்களையும் மஞ்சள்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஆணியால் ஒன்று முதல் ஆறு வரை எண் கீறி வைத்திருந்தேன். வியாபாரி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, "சார், இது எந்த எஸ்டேட் காய்? தோலு ரொம்பக் கெட்டியா இருக்கே" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார். ஒவ்வொரு மாதமும் சிரிப்பேன். இரண்டு வருடம் இந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். இதற்குப் பிறகு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

சேசுராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயப்பன்பட்டிக்காரர். ஒப்பந்தத்தில் படகு ஓட்டினார். நீர்த்தேக்கத்தின் நடுவில் நிற்கும் அளவுக் கம்பத்துக்குப் போய் நீர்மட்டம் பார்த்து வருவது அவருடைய தினசரி வேலை. ஊரில் கோயில் பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பார். மாதாந்திர ஊதும் வேலையை நான் அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். நான் ஒரு சட்டையை ஊதி முடிக்க இடையில் இரண்டு தடவை உட்கார வேண்டும். அவர் ஆறையும் நின்றபடியே ஊதிவிட்டு, "இன்னும் இருக்கா சார்?" என்று கேட்பார். வாய்த்துடுக்கு உண்டு. அதனால் மேலே இருந்தவர்களுக்கு அவரைப் பிடிக்காது, கீழே இருந்தவர்களுக்கு அவரில்லாமல் பொழுது போகாது.

எங்கள் மலையில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்தால் காற்றுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் கிடையாது. மூடி வைத்த உப்பு ஜாடியில் உப்பு கரையும். அப்படியிருக்க, மாத்திரை மட்டும் கரையாமல் இருக்குமா? மூன்றாவது வருடச் சாரலில், பூட்டிய ஸ்டோருக்குள் 'பட்' என்று ஒரு சத்தமும் தொடர்ந்து பெருமூச்சும் கேட்டது. காவலாளி பாம்பு என்று ஓடினார். திறந்து பார்த்தால் மூன்றாம் எண் சட்டை மட்டும் கொக்கியில் உப்பிக்கொண்டு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தொங்கியது.

இருந்த ஒரே மாற்றுச் சிலிண்டரையும் மாத்திரையையும் அதற்குப் போட்டேன். புது மாத்திரைகளுக்கு எழுதினேன். வர நாளாகும் என்றார்கள். அதுவரை சட்டைகளை ஒரு மரப்பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருந்தால் போதும். ஞானசேகரன் சாரும் அதைத்தான் சொன்னார். பெட்டி செய்ய ஆசாரியைக் கூப்பிட வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

அந்த வாரத்தில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். படகுத்துறையில் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் தேநீருடன், சிக்கனத்தைப் பற்றி எங்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரிதானார். இரண்டு கன்னங்களும் கண்ணை மறைக்க மேலேறின. தேநீர் என் சட்டையில் கொட்டியது. நாங்கள் எல்லோரும் உயிரைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நின்றோம். பின்னாலிருந்து சேசுராஜின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஏற்கெனவே பெரிய அதிகாரி. இப்ப இன்னும் பெரிசாயிட்டாக."

அதிகாரி திரும்பிப் பார்த்து, அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார். என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். இரண்டு வாரத்தில் மறுபடி வருவேன், மறுபடி இப்படி நடந்தால் பார்த்துக்கொள் என்றும் சொல்லிப் போனார்.

அவர் வரும் நாளுக்கு முந்தின பிற்பகல், அதிகாரி மேல் உப்பிய சட்டையைக் காற்றிறக்கி மடித்துக் கட்டிவிட்டு, ஆறு சட்டைகளிலிருந்தும் சிலிண்டர்களைத் திருகிக் கழற்றினேன். அந்த ஒன்றில் இருந்தது காலி சிலிண்டர். அதற்கு மாற்றாக, கீழே ஒரு கடையில் சொல்லி வாங்கிய புதியதும் என் கையில் இருந்தது. காலியைத் தள்ளிவிட்டு, அதையும் சேர்த்து ஆறையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சிலிண்டர் இல்லையென்றால் மாத்திரை கரைந்தாலும் கரையட்டும், ஒன்றும் உப்பாது. சேசுராஜிடம், "சாரல் காலத்துல மூடியத் திறக்காத. ஈரம் உள்ள ஏறும். நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னேன். ஏறுமுன் திறந்து பார்க்கும் அந்த ஒரு பழக்கத்தையும் அப்படி நானே நிறுத்தினேன்.

அதிகாரி வந்தார். வெற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தார். உப்பாமல் கரையேறினார். மகிழ்ச்சி என்றார். ஞானசேகரன் சார் என்னைப் பார்த்து "நல்லது" என்றார். அது நல்ல 'நல்லது'.

மறுநாளே திரும்ப மாட்டியிருக்க வேண்டும். மறுநாள் சாரல் வலுத்தது. அதற்கு மறுநாளும். ஒன்றாம் தேதி வந்தபோது பதிவேட்டைத் திறந்து, எடை, விறைப்பு, மாத்திரை எல்லாம் சரி என்று எழுதினேன். சிலிண்டர்கள் என் முழங்காலுக்கு நேரே இழுப்பறையில் கிடந்தன. போன மாத எடையைப் பார்த்து எழுதினேன். எழுத்து அழகாகவே இருந்தது.

ஆடிச் சனிக்கிழமை. எனக்கு ஏழரைச் சனி என்று ஜோதிடர் சொல்லியிருந்ததால் மனைவியும் நானும் குச்சனூருக்குப் போனோம். உத்தியோகத்தில் சிக்கல் எதுவும் வராமல் இருக்க வேண்டும் என்று எள் விளக்கு ஏற்றி வேண்டிக்கொண்டேன். என் சிக்கலை என் கையால் இழுப்பறையில் பூட்டிவிட்டு, அதற்குச் சனீஸ்வரனைக் காவலுக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் விளக்கேற்றிய அதே முற்பகல், சேசுராஜ் அளவுக் கம்பத்தின் இரும்பேணியில் கால் வைத்தார். பாசி. வழுக்கியது. காற்று படகை ஒருபக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கூடப் போக வேண்டிய ஆள் காய்ச்சலில் வரவில்லை. இதற்குப் பிறகு நடந்ததை, பல வருடம் கழித்து அவர் எனக்குச் சொன்னபடியே தருகிறேன்.

"உள்ள போய் மேல வந்தேன். சட்டை இப்ப உப்பும், இப்ப உப்பும்னு பாக்குறேன். கயித்த இழுத்தேன். கிளிக்குன்னு சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன். அப்பத்தான் சார் மூடி மேல கைய வச்சுத் தடவுனேன். உள்ள ஓட்டைதான் இருக்கு. சிலிண்டரக் காணோம். சரி, ஆள வச்சுக் கொல்லப் பாக்குறாக போலன்னு நெனச்சேன்."

அவருக்கு நீச்சல் தெரியும். ஆனால் கால்சட்டை, பூட்ஸ், குளிர்ந்த தண்ணீர். ஊதுகுழாயைக் கண்டுபிடித்து வாயில் வைத்துக்கொண்டு, காலை உதைத்தபடி ஊதினார். சிலிண்டர் இல்லாத ஓட்டை வழியாகக் காற்று வெளியேறாமல் பிடிக்க உள்ளே ஒரு வால்வு உண்டு. அது தன் வேலையைச் செய்தது. அந்தச் சட்டையோடு சம்பந்தப்பட்டவற்றில் அதுவும் அவருடைய நுரையீரலும் மட்டும்தான் தங்கள் வேலையைச் செய்தன. பை விறைத்ததும் மல்லாந்து படுத்து, கையால் துழாவிக்கொண்டு கரைக்கு வந்தார். தோளில் தொங்கிய விசிலை ஊதினார். தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து இழுத்துப் போட்டார்கள்.

சேதி எனக்குச் சின்னமனூரில் கிடைத்தது. சேசுராஜைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மலைக்குப் போனேன். ஸ்டோரைத் திறந்து, மீதி ஐந்து சட்டைகளிலும் சிலிண்டர்களைத் திருகி மாட்டினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. ஆறாவது சட்டை ஞானசேகரன் சாரின் அறையில் ஈரத்தோடு கிடந்தது. ஆறாவது சிலிண்டரை என் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இதன் பொருள் என்னவென்று அப்போதே எனக்குத் தெரியும். ஆறு சட்டைகளில் ஐந்து சரியாக இருக்கின்றன. ஸ்டோர் கீப்பர் ஒன்றாம் தேதி பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். சேசுராஜ் போடும் சட்டையில் மட்டும் சிலிண்டர் இல்லை. எடுத்தது யார்?

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தில் இதே பேச்சு. சிலிண்டரை எடுத்து ஒருவன் என்ன செய்வான் என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்; இந்தச் சட்டை விவகாரத்தில் நான்தான் பண்டிதன். வாயில் ஏதாவது வர வேண்டும். வந்தது.

"கம்பம் டவுனுல சோடாக் கடைக்குக் கொடுத்தா கேசு அடைக்க வாங்குவாக" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் தப்பித்தேன். அதே சிரிப்பில் அவர் மாட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சேசுராஜுக்குச் 'சோடா' என்று பெயராகிவிட்டது. அந்த மாதிரி சிலிண்டரை எந்தச் சோடாக் கடையும் வாங்காது. அங்கிருந்த பாதிப் பேருக்கு அது தெரியும். கேலி நன்றாக இருந்தால் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. உப்பிப்போன அந்த அதிகாரிதான் நடத்தினார். சேசுராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இருமிக்கொண்டே நின்றார். ஏறுமுன் ஏன் திறந்து பார்க்கவில்லை என்று கேட்டார் அதிகாரி.

"தங்கவேல் சார்தான் சாரல் காலத்துல திறக்க வேணாம்னாக" என்றார் சேசுராஜ்.

ஞானசேகரன் சார் என் பக்கம் திரும்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தங்கவேல் ஐயா, சொன்னீர்களா?" என்று கேட்டார்.

நான் பேசவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். பிறகு என் மௌனத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார். அந்த மனிதரால் என்னைப் பொய்யன் என்று நினைக்க முடியவில்லை; இரண்டு வருடம் நான் ஒழுங்காகச் செய்த வேலை அன்றைக்கு எனக்காக வந்து சாட்சி சொன்னது. பதிவேட்டை மூடி, "நல்லது" என்றார். எந்த 'நல்லது' என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் இப்போது இல்லை. அவரிடம் சொல்லும் வாய்ப்பையும் நான்தான் விட்டேன்.

சேசுராஜின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் ஊருக்குப் போய், திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நான் பெட்டி செய்து, பல்ப் மாட்டி, சட்டைகளை உலர வைத்தேன். அதன்பின் ஓய்வுபெறும்வரை ஒரு மாதமும் தவறவிடவில்லை. பாதுகாப்பில் என்னைப் போல ஆள் கிடையாது என்று பெயர் வாங்கினேன். சோடாக் கதை எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் கதையானது. சில சமயம் நானே சொன்னேன்.

போன வருடம் அலுவலகத்தில் பாதுகாப்பு நாள் விழாவுக்கு என்னை அழைத்தார்கள். புதுச் சட்டைகள் வந்திருந்தன. இவற்றில் சிலிண்டர் இல்லாவிட்டாலோ தளர்ந்திருந்தாலோ வெளியிலிருந்தே தெரியும்படி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் தவறு. மனிதனை நம்பாத சட்டை. என்னைப் போன்ற ஒருவன் எங்கேயோ இருந்திருக்கிறான், அதனால்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அறிமுகம் செய்த இளம் பொறியாளர், தவறான கையெழுத்து ஒன்றுகூடப் போடாதவர் என்று என்னைப் பற்றிச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சோடா கதை சொல்லுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஆடிச் சனிக்கிழமைக்குப் பதினோரு வருடம் கழித்து, வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி மடித்து வைத்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட கோப்பு காலவரையறை முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை என்றும், தங்கள் பொறுப்புணர்வுக்கு நன்றி என்றும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு நன்றிக் கடிதம் வாங்கியவன் நான்.

அதன்பிறகு ராயப்பன்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஆறாவது சிலிண்டரைப் பையில் எடுத்துக்கொண்டேன். சேசுராஜ் வீட்டு வாசலில் மருந்தடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாம் சொன்னேன். சிலிண்டரைக் கையில் கொடுத்தேன். ஆணியால் கீறிய ஆறாம் எண்ணைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி ஆரோக்கியமேரி கதவு வரை வந்தார். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிலிண்டரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு சேசுராஜ் கேட்டார். "அந்தச் சோடாவும் நீங்கதானா?"

"நான்தான்."

"நானும் பதினோரு வருசமா எவன்டா அவ்வளவு பொருத்தமா வச்சான்னு தேடிக்கிட்டிருக்கேன். திருவிழாவுல ட்ரம்பெட்டத் தூக்குனா சின்னப் பயக 'சோடா பொங்குது'ங்கிறானுக. மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனா, 'சோடா வீட்டுக் கல்யாணமா'ங்கிறாக. மாப்பிள்ள வீட்டுல அது என்ன பேருன்னு கேட்டாக சார். என்ன சொல்லுவேன்?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. இயந்திரத்தின் பாகங்களை ஒரு சாக்கில் ஒதுக்கிவிட்டு எழுந்தார். "இங்கன சொல்லிப் பிரயோசனம் இல்ல. அங்கன வந்து சொல்லுங்க" என்று பஸ் நிறுத்தத்து டீக்கடையைக் காட்டினார்.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவனைப் போல நான் நின்று சொன்னேன். மாத்திரை, சிலிண்டர், இழுப்பறை, கையெழுத்து, விசாரணை. சிலிண்டரை எடுத்துக் காட்டினேன். எல்லோரும் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்கள். முடித்ததும் கடைக்காரர் எனக்கு ஒரு டீயை நீட்டிவிட்டு, சேசுராஜைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே சோடா, நீ கொடுத்து வச்ச ஆளுய்யா. பழைய ஆபீசரு, இந்த வயசுல, ஒனக்காகத் தன் மேல பழியப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்ல வந்திருக்காக பாரு."

பொய் இல்லை என்றேன். ஒருவர் என் தோளைத் தொட்டு, "பெரிய மனசு சார் ஒங்களுக்கு" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். திரும்பி நடக்கும்போது சேசுராஜ் என் பக்கம் பார்க்கவேயில்லை. "வந்ததுக்கு ஒங்க பேருக்கு இன்னொரு கோட் பெயின்ட் அடிச்சிட்டுப் போறீக" என்றார். பிறகு வாசலில் நின்று, யோசித்து, "அச்சுல வந்தா நம்புவாக. எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க. எழுதிட்டு எங்கிட்டக் காட்டிட்டுக் கொடுங்க" என்றார்.

மலர் ஆசிரியர் கேட்டது அதற்கு அடுத்த மாதம். எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்தார். நேற்றுப் போனபோது தாள்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு திருத்தம் என்றார்.

முதலாவது, தண்ணீரில் பையை இருபது மூச்சில் ஊதியதாக எழுதியிருந்தேன். "இருபதா? யாரு ஊதுனதுன்னு நெனச்சீக? நீங்க ஊதுனா இருபது. நான் ஊதுனது எட்டு." எண்ணிக்கையையே எடுத்துவிட்டேன். இப்போது அவர் சொல்லி, இங்கே போடுகிறேன்: எட்டு.

இரண்டாவதைக் காட்ட விரலை ஒரு வரியில் வைத்தார். விசாரணையில் ஞானசேகரன் சார் கேட்டபோது 'என்னால் பேச முடியவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"முடியலன்னு எழுதாதீக சார். தண்ணிக்குள்ள கெடந்து எனக்குத்தான் முடியல. நீங்க நாற்காலியில உக்காந்திருந்தீக. பேசலன்னு எழுதுங்க."

அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினேன். அதைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள்.

அப்போது ஆரோக்கியமேரி வெளியே வந்தார். மூன்று முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்; என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவரின் மடியிலிருந்த தாள்களை எடுத்து, கதவில் சாய்ந்து நின்று, கடைசிப் பக்கம் வரை படித்தார். அவசரப்படவில்லை. படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இத்தன வருசமா ஏன் சார் சொல்லல?"

உண்மையைச் சொன்னேன். சொன்னால் பென்சன் போய்விடும் என்று பயம் என்றேன். ஓய்வு பெற்ற பிறகும் அதை நிறுத்திவிடுவார்களோ என்று பயம் என்றேன்.

அவர் தாள்களை அடுக்கிச் சரிசெய்து என் கையில் கொடுத்தார்.

"இவருக்குப் பென்சனே கெடையாதே சார். அது இல்லாமத்தான நாங்க அந்தப் பதினோரு வருசத்தையும் ஓட்டுனோம்."

அவர் உள்ளே போனார். நான் தாள்களைப் பைக்குள் வைக்கப் போனேன். சேசுராஜ் கையை நீட்டித் தடுத்தார்.

"அவ சொன்னதையும் எழுதிருங்க சார்."

எழுதிவிட்டேன்.